சாந்தோரினியில் ஒன்பது மணி நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன். வரும் செப்டம்பரில் நானும் மனைவியும், கல்லூரியில் படிக்கும் மகளும், எழுபத்து நான்கு வயதான என் தந்தையும் ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏழு நாள் கப்பல் பயணம் செல்கிறோம். துருக்கியில் குஷாதாசி, பிறகு கிரேக்கத் தீவுகளான ரோடோஸும் சாந்தோரினியும். சாந்தோரினியில் கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது. அந்த ஒரு நாளில் அக்ரோத்திரி அகழாய்வு, ஓயா கிராமம், கறுப்பு மணல் கடற்கரை, திராட்சைத் தோட்டம், எரிமலைத் தீவுக்குப் படகு என ஐந்தையும் பார்த்துவிட ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; முழங்கால் வலி உண்டு. மகளுக்கு ஓயாவில் படம் எடுத்தே ஆக வேண்டும். கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலா விலை அதிகமாக இருப்பதால் நாங்களாகவே சுற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எந்த வரிசையில் பார்ப்பது என்று சொல்ல முடியுமா?

கு., கோயம்புத்தூர்

அன்புள்ள கு.,

உங்கள் பட்டியலைப் பார்த்தபோது பல ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. அதிலும் ஐந்து இடங்கள் இருந்தன, பார்த்தது ஒன்றரை. என் நாள் எங்கே போயிற்று என்பதைச் சொன்னால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

சாந்தோரினியில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. ஏறக்குறைய மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வெடித்து, நடுப்பகுதி உள்ளே சரிந்து, கடல் புகுந்த ஒரு எரிமலைக் குழிக்குள் கப்பல் வந்து நிற்கிறது. குழியைச் சுற்றி வளைந்து நிற்கும் செங்குத்துச் சுவரின் விளிம்பில் இருநூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில் தலைநகரான ஃபிரா இருக்கிறது. கப்பலிலிருந்து சிறு படகில் பழைய துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து மேலே ஏற வேண்டும். அதற்கு மூன்று வழிகள்தான் உண்டு: கேபிள் கார், கோவேறு கழுதை, அல்லது அறுநூறுக்குச் சற்றுக் குறைவான படிக்கட்டுகள்.

கேபிள் கார் நம் பழனி ரோப் காரைப் போன்றதுதான். ஆறு பேர் அமரும் ஆறு பெட்டிகள் ஒரு சரமாக ஏற, இன்னொரு சரம் இறங்கும். பயணம் மூன்று நிமிடம்கூட இல்லை. ஆனால் ஒரு தடவைக்கு முப்பத்தாறு பேர் என்பதை ஒரு கப்பலின் இரண்டாயிரம், மூவாயிரம் பயணிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் போன அன்று குழிக்குள் மூன்று கப்பல்கள் நின்றிருந்தன. கீழே ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்று மேலே போனோம். அங்கிருந்து ஓயாவுக்குப் பேருந்தில் நின்றபடியே பயணம். சுமார் பதினொரு கிலோமீட்டர்தான், ஆனால் விளிம்பை ஒட்டிய குறுகிய சாலையில் எதிரே ஒரு சுற்றுலாப் பேருந்து வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நகர்வதற்குள் பொழுது கரைந்துவிடும். ஓயாவிலும் படம் எடுக்கும் இடத்துக்கு ஒரு வரிசை! நீலக் குவிமாடங்களைப் பார்த்ததைவிட முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் அதிக நேரம் பார்த்தோம்.

ஃபிராவுக்குத் திரும்பும்போது மணி மூன்றை நெருங்கியிருந்தது. கேபிள் கார் வரிசை நிலையத்தைத் தாண்டிச் சந்துக்குள் வளைந்து, நகைக்கடைகளின் வாசல்களை அடைத்துக்கொண்டு நின்றது. வேறு வழியின்றிப் படிகளில் இறங்கினோம். அகலமான, சரிந்த கற்படிகள். பல காலமாகக் குளம்பும் காலும் பட்டு வழுவழுப்பாகியிருந்தன. அவற்றின் மேல் புதிதும் பழையதுமாகக் கழுதைச் சாணம். மேலேறி வரும் கழுதைகள் சுவரோரத்தை விட்டுக்கொடுப்பதில்லை, நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒரு வளைவில் அப்படி ஒதுங்கியபோது என் மனைவி வழுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டார். கப்பலுக்குப் போகும் கடைசிப் படகில் கடைசியாக ஏறியவர்கள் நாங்கள். அக்ரோத்திரியை நான் பார்த்தது பல வருடங்கள் கழித்து, இரண்டு இரவு தங்கும்படி மீண்டும் போனபோதுதான்.

எனவே உங்கள் நாளைத் தொடக்கத்திலிருந்து அல்ல, முடிவிலிருந்து திட்டமிடுங்கள். கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படுகிறது என்றால் கடைசிப் படகு அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடும்; அந்த நேரத்தை முந்தைய நாள் இரவு அறைக்கு வரும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கரைக்குக் கடைசிப் படகு என்று வைத்துக்கொண்டால், இரண்டே முக்கால் மணிக்கு நீங்கள் மேலே கேபிள் கார் வரிசையில் இருக்க வேண்டும். உங்கள் ஒன்பது மணி நேரம் அங்கேயே ஏழு மணிக்கும் கீழே வந்துவிட்டது. 2025 முதல் ஒரு நாளில் எட்டாயிரம் கப்பல் பயணிகளுக்கு மேல் இறங்கக்கூடாது என்று தீவில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அது நல்லதுதான், ஆனாலும் எட்டாயிரம் பேர் என்பது அந்தச் சுவருக்குச் சிறிய கூட்டமல்ல. உங்கள் கப்பல் நிற்கும் நாளில் வேறு எத்தனை கப்பல்கள் வருகின்றன என்பதைத் துறைமுகக் கால அட்டவணையில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்காதீர்கள் என்றுதான் பொதுவாக நான் எல்லோருக்கும் சொல்வேன். உங்களுக்கு மட்டும், இந்த ஒரு தீவில் மட்டும், வாங்குங்கள் என்கிறேன். கப்பல் வழியாகச் சுற்றுலா எடுத்தவர்களைத்தான் முதல் படகுகளில் இறக்குவார்கள். அவர்களைப் பெரும்பாலும் பழைய துறைமுகத்துக்கு அல்லாமல், தெற்கே அத்தினியோஸ் என்ற இன்னொரு துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பேருந்து கரையிலேயே காத்திருந்து, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் மேலே கொண்டுவந்துவிடும். உங்கள் தந்தைக்கு ஏறும்போது கேபிள் காரும் இல்லை, வரிசையும் இல்லை. முடிவில் ஃபிராவில் இறக்கிவிடுவார்கள். இறங்குவதற்கு மட்டும் கேபிள் கார். அந்தக் கூடுதல் பணத்தை வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசாக நினைக்காதீர்கள், ஒன்றரை மணி நேரத்தையும் ஒரு முழங்காலையும் காப்பாற்றக் கொடுக்கும் காசு. ஆனால் வாங்கும் முன், இறங்கும் துறைமுகம் அத்தினியோஸ்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்தச் சுற்றுலா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: அக்ரோத்திரி. வரலாற்று ஆசிரியர் ஒருவரைச் சாந்தோரினிக்கு அழைத்துப்போய் அதைக் காட்டாமல் திரும்பினால் அது பெரும் பிழை. எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதையுண்ட வெண்கலக் காலத்து ஊர் அது. 1860களில் சூயஸ் கால்வாய் வேலைக்காக இந்தத் தீவிலிருந்து எரிமலை மண்ணை வெட்டி எடுத்தபோதே சாம்பலுக்குக் கீழே பழங்கால வீடுகள் இருப்பது தெரியவந்தது. ஆனால் அக்ரோத்திரியில் முறையான அகழாய்வை ஸ்பிரிடன் மரினாதோஸ் 1967இல்தான் தொடங்கினார். 1974இல் அந்த அகழாய்வுத் தளத்திலேயே இறந்தும் போனார். இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள், வீட்டுக்குள் கழிப்பிடம், தெருவுக்கு அடியில் கழிவுநீர் வாய்க்கால், ஆளுயரத் தாழிகள் எல்லாம் அங்கே உண்டு. ஒரு வீட்டில் கல் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. நிலநடுக்கத்தில் ஒவ்வொரு படியும் நடுவே இரண்டாகப் பிளந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அந்த விரிசல் ஓடுகிறது. அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

இன்னொன்றையும் உங்கள் தந்தையிடம் சொல்லிவையுங்கள். இந்த ஊரில் மனித உடல்கள் கிடைக்கவில்லை. நகைகளும் அனேகமாக இல்லை. 1999இல் ஒரு மரப்பெட்டிக்குள் கிடைத்த சிறிய தங்க ஆட்டு உருவம்தான் விதிவிலக்கு. மக்கள் முன்னதிர்வுகளை உணர்ந்து, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறார்கள். சிலர் இடிபாடுகளைச் சீர்செய்யத் திரும்பியும் வந்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளிருந்து மீட்டு வெளியே அடுக்கிவைத்த கட்டில்கள், மரம் மக்கிப்போனபின் சாம்பலில் எஞ்சிய குழியில் சுண்ணச்சாந்து ஊற்றியதால், வடிவம் மாறாமல் மீண்டும் கிடைத்தன. அடுக்கியவர்கள் எங்கே போனார்கள் என்பது இன்னும் தெரியாத கதை.

முழங்கால் வலி உள்ளவருக்கும் அந்த இடம் ஏற்றதுதான். முழுத் தளத்தின் மீதும் கூரை இருக்கிறது, வெயில் இல்லை. பலகைப் பாதைகளும் சரிவுப் பாதைகளும் இருப்பதால் படியேற வேண்டியதில்லை. (2005இல் அப்போதைய புதிய கூரையின் ஒரு பகுதி சரிந்து ஒரு பயணி இறந்தார், தளம் மூடப்பட்டு 2012இல்தான் திறந்தது. இப்போதிருப்பது அதன்பின் செப்பனிட்ட கூரை.) போகும் வழியில் பேருந்துச் சன்னலில் உங்கள் பட்டியலிலுள்ள திராட்சைத் தோட்டத்தையும் பார்த்துவிடலாம். பந்தல் கிடையாது; காற்றுக்கு அஞ்சிக் கொடிகளைச் சும்மாடு போலத் தரையோடு தரையாகச் சுருட்டி வளர்த்திருப்பார்கள், பழம் அந்தச் சும்மாட்டுக்குள் ஒளிந்திருக்கும். முதலில் பார்ப்பவர்கள் அதைத் தரிசு நிலத்தில் கிடக்கும் முட்புதர் என்றே நினைப்பார்கள்.

பன்னிரண்டு மணிவாக்கில் ஃபிராவுக்கு வந்துவிட்டால், பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய தீரா அருங்காட்சியகத்துக்குப் போங்கள் (தீரா என்பது சாந்தோரினியின் இன்னொரு பெயர்). சிறியது, முக்கால் மணி நேரம் போதும். வார விடுமுறை எந்த நாள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தங்க ஆடு அங்கேதான் இருக்கிறது. பாறைகளில் தாவும் நீலக் குரங்குகளின் சுவரோவியமும் அங்கேதான். குரங்குகளே இல்லாத தீவில் இவற்றை வரைந்தவன் எதைப் பார்த்து வரைந்தான் என்பது பழைய கேள்வி. ஆப்பிரிக்கக் குரங்குகள் என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அண்மையில் குரங்கியல் அறிஞர்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வொன்று, வாலை மேலே தூக்கி வளைத்திருக்கும் விதத்தைக் காட்டி, இவை இந்தியத் துணைக்கண்டத்துச் சாம்பல் மந்திகளாக இருக்கலாம் என்கிறது. சங்கப் பாடல்களில் முசு என்று வருமே, அந்த இனத்தின் உறவு. எல்லோரும் இதை ஏற்றுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வாலைப் பார்த்துத் தானே முடிவுசெய்யலாம்.

மகளின் படம் பற்றி. ஓயா என்று எழுத்தைப் பார்த்து நாம் படிக்கிறோம், ஊர்க்காரர்கள் சொல்வது ஈயா. அதைப் புகழ்பெற வைத்தது சூரிய அஸ்தமனம். செப்டம்பரில் அது ஏழு மணிக்கு மேல்தான், அப்போது உங்கள் கப்பல் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். உச்சிவெயிலில் அங்கே போய்த் திரும்ப இரண்டரை மணி நேரம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. அதற்குப் பதில் அப்பாவும் நீங்களும் சாப்பிட அமர்ந்திருக்கும்போது, மகளும் அம்மாவும் ஃபிராவிலிருந்து விளிம்புப் பாதையில் வடக்கே ஃபிரோஸ்தெஃபானிவரை கால் மணி நேரம் நடக்கட்டும். மூன்று மணிகள் தொங்கும் கோபுரமும் நீலக் குவிமாடமுமாக ஒரு தேவாலயம், பின்னால் முழு எரிமலைக் குழி, நடுவே நெயா காமேனி என்ற கரிய தீவு. படத்தைப் பார்க்கும் தோழிகள் ஓயா என்றே நினைத்துக்கொள்வார்கள், திருத்த வேண்டியதில்லை. அந்தக் கரிய தீவு கடைசியாக வெடித்தது 1950இல். அதன்மேல் ஏறும் சரளைப் பாதையில் நிழலே கிடையாது; அதையும் கறுப்பு மணலையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்குக் கவலை வேண்டாம். ஃபாவா என்பது மஞ்சள் பருப்பை வேகவைத்துக் கடைந்து, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவது. தாளிக்காத பாசிப்பருப்பு மாதிரி இருக்கும். அந்தத் தீவின் சிறு தக்காளியில் செய்யும் வடையும் உண்டு. விளிம்பில் கடலைப் பார்த்த மேசைக்கு விலை இரட்டிப்பு. இரண்டு சந்து உள்ளே போனால் அதே வடை பாதி விலைக்குக் கிடைக்கும்.

கழுதைகள் மேல் ஏற வேண்டாம். நூறு கிலோவுக்கு மேலோ, அவற்றின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக்கூடாது என்று கிரேக்க அரசு 2018இல் விதி வகுக்கும் அளவுக்கு அவற்றின் நிலை இருந்தது என்பதே போதும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். காற்று பலமாக இருந்தால் படகுகளை இறக்க மாட்டார்கள். கப்பல் சாந்தோரினியை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால் வெளியே எதற்கும் திரும்பப் பெற முடியாத முன்பணம் கட்டாதீர்கள். இரண்டாவது, உங்கள் கப்பல் குஷாதாசிக்குப் போவதால், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போக உதவும் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வருகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா போதாது. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு என்று கேளுங்கள். 2025 ஜூலை முதல் சாந்தோரினியில் இறங்கும் கப்பல் பயணிகளுக்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில், தலைக்கு 20 யூரோ கட்டணம் வைத்திருக்கிறார்கள். அதைக் கப்பல் நிறுவனமே வசூலித்துவிடும், கரையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

ரோடோஸில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. கப்பல் கோட்டைச் சுவருக்கு எதிரிலேயே கட்டப்படும்; இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் வீரர்களின் தெருவில் இருப்பீர்கள். அங்கே சுற்றுலா வாங்காதீர்கள். ஆனால் பழைய நகரத்தின் தெருக்களில் கூழாங்கற்களைக் குத்துக்குத்தாகப் பதித்திருக்கிறார்கள். மெல்லிய செருப்பு போட்டால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் தெரியும். அப்பாவுக்குத் தடித்த அடி உள்ள ஷூவும், நுனியில் ரப்பர் பிடித்த கைத்தடியும் கோவையிலேயே வாங்கிவிடுங்கள்.