128 ஜிபி கார்டில் 512 எம்பி மட்டும்தானா?

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினிக்காக 128 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு வாங்கி ஓஎஸ் ஏற்றினேன். மறுபடி லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் 512 எம்பிதான் காட்டுகிறது. கூடவே ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டது. சரி என்று கொடுத்துவிட்டேன். இப்போது பை பூட் ஆகவில்லை. பார்ட்டிஷன் போய்விட்டது, சரிசெய்ய 800 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கார்டு கெட்டுப்போனதற்கான அறிகுறியே இல்லை.

ராஸ்பெர்ரி பை ஓஎஸ் கார்டை இரண்டு பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷன்களாக, பிரித்துக்கொள்ளும். கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் கோப்புகள் உள்ள சின்னப் பகுதி, விண்டோஸ் படிக்கக்கூடிய ஃபேட்32 வகை. இப்போதைய பதிப்புகளில் 512 எம்பி. ஓஎஸ்ஸான லினக்ஸ் முழுவதும் இருப்பது இரண்டாவது பகுதியில், அது இஎக்ஸ்டி4 வகை. அதை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கலாம் இல்லையா? ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று மிரட்டுகிறது. அந்தப் பெட்டியில் ஒரு வரியை மாற்ற மைக்ரோசாஃப்டுக்கு இத்தனை வருஷமாக மனம் வரவில்லை. நீங்கள் ‘சரி’ என்றதும் அழிந்தது அந்த லினக்ஸ் பகுதிதான்.

கார்டில் ஓஎஸ் எழுதும் ‘ராஸ்பெர்ரி பை இமேஜர்’ மென்பொருளைத் திறந்து அதே கார்டில் மறுபடி ஏற்றுங்கள். செலவு கிடையாது. முதலில் விண்டோஸின் ‘டிஸ்க்பார்ட்’ கட்டளை போட்டு ‘கிளீன்’ செய்யச் சொல்லி யாராவது வீடியோ அனுப்புவார்கள், வேண்டாம். பழைய பார்ட்டிஷன்களை இமேஜரே அழித்து எழுதிவிடும். டிஸ்க்பார்ட்டில் டிஸ்க் எண்ணை மாற்றிப் போட்டால் வேறொரு டிஸ்க்கில் இருப்பதெல்லாம் காலி. எழுதி முடித்த பிறகு விண்டோஸ் மறுபடி ஃபார்மட் கேட்கும். ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு கார்டை எடுத்து ராஸ்பெர்ரி பையில் செருகுங்கள். முதல் தடவை பூட் ஆகும்போது லினக்ஸ் பகுதி மீதி இடம் முழுவதற்கும் தானாக விரிந்துகொள்ளும். அதற்குப் பிறகும் ராஸ்பெர்ரி பையில் 119 ஜிபி அளவில்தான் தெரியும். கார்டு கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, கணினி 1024-ஆல் பெருக்குகிறது; அந்தக் கணக்குதான் அது, திருட்டு இல்லை.

திருட்டு வேறு இடத்தில் நடக்கிறது. உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்து, ‘நான் 128’ என்று பொய் சொல்லும்படி புரோகிராம் செய்த கார்டுகள் சந்தையில் தாராளம். ஓஎஸ் ஏற்றச் சில ஜிபி இடம் போதும் என்பதால் இமேஜரின் சரிபார்ப்பில் அவை சுலபமாகத் தேறிவிடும். எட்டு ஜிபியைத் தாண்டி எழுதத் தொடங்கும்போதுதான் கோப்புகள் ஒவ்வொன்றாகக் கெடும். அப்போதும் ‘பார்ட்டிஷன் ப்ராப்ளம்’ என்று அதே கடைக்காரர் காசு கேட்பார். எனவே ஓஎஸ் ஏற்றும் முன், இமேஜரிலேயே இருக்கும் ‘எரேஸ்’ மூலம் கார்டை வெறுமையாக்கி, ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். பிழை காட்டினால் பில்லோடு போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ‘ஓஎஸ் ஏற்றியே தருகிறோம்’ என்று விற்கும் கார்டுகளும் வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதற்கு விலை, அதிலும் யார் போட்ட பாஸ்வேர்டு என்று தெரியாது.

இதுவரை சொன்னது கார்டில் உங்கள் வேலை எதுவும் இல்லை என்ற கணக்கில். சென்சார் பதிவோ, எழுதிய புரோகிராமோ இருந்திருந்தால் மறுபடி ஏற்றாதீர்கள், எதையும் எழுதாதீர்கள். ஃபார்மட் பெட்டியில் ‘குவிக் ஃபார்மட்’ டிக் இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்திருந்தால் தலைப்பகுதிதான் அழிந்திருக்கும். இஎக்ஸ்டி4 தன் முக்கியக் குறிப்புகளைக் கார்டில் பல இடங்களில் நகல் வைத்திருப்பதால் மீட்கப் பெரும்பாலும் வழி உண்டு. லினக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்து, முதலில் ‘டிடி’ கட்டளையால் கார்டை அப்படியே நகலெடுக்கச் சொல்லுங்கள். ‘எஃப்எஸ்சிகே’ போன்ற பழுதுபார்க்கும் கட்டளைகள் எல்லாம் அந்த நகலின் மேல்தான் ஓட வேண்டும். நேரடியாகக் கார்டில் கை வைப்பவரிடம் கொடுக்காதீர்கள். டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்திருந்தால் பகுதி முழுக்கப் பூஜ்யம் எழுதப்பட்டிருக்கும். அதை 800 அல்ல, 8000 வாங்கினாலும் யாரும் மீட்க முடியாது.

எல்லாம் செய்தும் பூட் ஆகாமல், திரையில் மின்னல் குறி வந்தால் கார்டை விட்டுவிட்டு சார்ஜரைப் பாருங்கள். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜர் தாங்காது.