லயன் வீட்டில் (தேயிலைத் தோட்டத்தில் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு, லயம் என்றும் சொல்வோம்) எறும்புத் தொல்லை தாங்கவில்லை. கையில் கிடைக்கும் பொருட்களால் கட்டுப்படுத்த முடியுமா?

முடியும். ஆனால் மருந்து வீரியமாக இருக்கக்கூடாது. நான் கோட்டை விட்டது அங்கேதான்.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் லயத்தில் ஜூன் மழை பிடித்துவிட்டால் எறும்பெல்லாம் குசினிக்குள் வந்துவிடும். அம்மாயி மஞ்சள் தூளில் கோடு போடுவார். எறும்பு அதைச் சுற்றிக்கொண்டு சீனிப் பேணிக்குப் போகும். ஸ்ப்ரே அடித்தால் கண்ணில் படுவது மட்டும்தான் சாகும், புற்றுக்குள் முட்டை போடும் ராணிக்கு ஒன்றும் ஆகாது.

கெரம் போர்டுக்குத் தூவும் போரிக் பவுடரை எடுத்தேன். (பெட்டியில் போரிக் அமிலம் என்று இருக்கிறதா பாருங்கள், சிலது வெறும் மாவு.) சீனிப்பாகில் மூன்று கரண்டி அள்ளிப் போட்டேன். காலையில் பாகைச் சுற்றிக் கைப்பிடி எறும்பு செத்துக் கிடக்க, எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் பார்த்தால் அதே வரிசை, அதே சுவர் வெடிப்பு. தின்ற இடத்திலேயே செத்தால் புற்றுக்கு யார் கொண்டுபோவது? குடித்ததைத் திரும்பிப் போய் வாயோடு வாய் வைத்து மற்றதுக்கு ஊட்டுவதுதான் எறும்பின் பழக்கம். அதற்கு அது இரண்டொரு நாளாவது உயிரோடு இருக்க வேண்டும்.

இப்போது ஒரு கப் சுடுதண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி பவுடர். நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மருந்து. பஞ்சில் நனைத்து, போத்தல் மூடியில் வைத்து, எறும்புச் சாரி ஓரம் வைப்பேன். கித்துள் பனையின் பாணிக்கும் (இனிப்புப் பாகு) ஓடிவரும்தான், ஆனால் அது விற்கிற விலைக்கு எறும்புக்கு எதற்கு? சீனியைச் சீண்டாவிட்டால், நெத்தலிக் கருவாட்டுத் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அதே மாதிரி மிகக் குறைவாகப் பவுடர் சேருங்கள்.

முதல் நாள் கூட்டம் கூடும். மூடி விளிம்பில் வரிசையாக நின்று, வயிறு கண்ணாடி மாதிரி உப்பும்வரை குடிக்கும். அடிக்காதீர்கள், துடைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாகை மாற்றுங்கள், புளித்தால் தொடாது. எனக்குப் பத்து நாள் பிடித்தது. பிள்ளைகள், நாய், பூனைக்கு எட்டாத இடமாக இருக்கட்டும், சாப்பாட்டுப் பாத்திரத்தில் கலக்க வேண்டாம்.

அப்புறம், லயத்தில் சுவர் பொது. புற்று பக்கத்து வீட்டுப் பக்கம் இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு மூடியைக் கொடுத்தபோது, "எறும்புக்கு விருந்தா வைக்கிற தம்பி?" என்று சிரித்தார். வாங்கி அடுப்படிக்குப் பின்னால் வைத்தார். பிறகுதான் எங்கள் சுவரில் சாரி நின்றது.