ராத்திரி குடித்தேன், காலையில் வழக்கு: பத்தாயிரம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: மதுரையில் மச்சினன் கல்யாணம். முதல் நாள் ராத்திரி ஒரு மணி வரை நண்பர்களோடு குடித்தேன். தூங்கி எழுந்து, குளித்துவிட்டு, காலை ஏழரை மணிக்குப் பூ வாங்க பைக்கில் போனேன். வழியில் போலீஸ் ஊதச் சொன்னார்கள். மெஷின் 48 காட்டியது. லைசென்ஸை வாங்கிக்கொண்டு வழக்குப் போட்டுவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி குடிக்கவே இல்லை, அவன் மேலும் வழக்கு. நான் தெளிவாகத்தான் ஓட்டினேன். அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

பதில்: முடியாது. "தெளிவாகத்தான் ஓட்டினேன்" என்பதும் கோர்ட்டில் உங்களுக்குக் கை கொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 நீங்கள் தள்ளாடினீர்களா என்று கேட்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம்.

காலையில் அது எப்படி மிச்சம் இருந்தது? பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் இறங்கும். ஒரு மணியிலிருந்து ஏழரை வரை ஆறரை மணி நேரம். இறங்கியது சுமார் 97. அதோடு 48-ஐக் கூட்டினால், படுக்கப் போகும்போது 145 பக்கம் இருந்திருக்கிறது. குளியலும் காபியும் மோரும் தூக்கத்தைக் கலைக்கும், இந்தக் கணக்கை அசைக்காது. உங்களைப் போல "நேத்துத்தானே குடிச்சேன்" என்று சொல்லி மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை, அதுதான் வருத்தம்.

சரி, வழக்குக்கு வருவோம். ஹெல்மெட் கேஸ் போல இதை அந்த இடத்திலேயே பணம் கட்டி முடிக்கச் சட்டத்தில் வழியில்லை. சமரசக் கட்டணம் வாங்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தொகையைக் குறைத்துக் கேட்கவும் இடமில்லை. ஒப்புக்கொண்டு கட்டினால் அது தண்டனைதான், வெறும் கட்டணம் இல்லை. அடுத்த முறை மாட்டினால் இரண்டாம் குற்றம்: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும்.

எதிர்த்து வாதாட வேண்டுமா என்றால், முதலில் மெஷின் கொடுத்த சீட்டைப் பாருங்கள். நேரம், மெஷின் எண், அளவு மூன்றும் சரியாக இருக்கிறதா? ஊதுவதற்குச் சற்று முன் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கொப்பளித்திருந்தால் அளவு ஏறிக் காட்டும். 15 நிமிடம் விட்டு மறுபடி ஊதினால் இறங்கிவிடும். அப்படி ஏதும் இல்லாமல் ஒரு மணி வரை குடித்ததை நீங்களே சொல்லும்போது, வாய்தா வாய்தாவாக அலைவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இன்னொன்று: ஊத மறுத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தகுந்த காரணமில்லாமல் மறுப்பதையே உங்களுக்கு எதிரான துணைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள பிரிவு 205 இடம் தருகிறது.

தம்பி விஷயம் வேறு. பிரிவு 188, குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது. 2022-இல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் இதை வைத்துத்தான் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கும் அபராதம் என்று அறிவித்தது. ஆனால் உடந்தை என்றால் தூண்டியிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். தூங்கி எழுந்து வந்த அண்ணன் உடம்பில் இன்னும் ஆல்கஹால் இருக்கிறது என்று தம்பிக்கு எப்படித் தெரியும்? இதில் வாதாட இடமிருக்கிறது என்றே நினைக்கிறேன். அவரை உங்களோடு சேர்ந்து ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். தனியாக வக்கீலைப் பார்க்கட்டும்.

லைசென்ஸ் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போயிருக்கும். உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே அவர்கள் முடிவெடுக்க வேண்டும். முதல் முறைக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம், நடவடிக்கை இல்லாமலும் விடலாம். இரண்டாம் முறை என்றால் லைசென்ஸே ரத்தாகலாம். நோட்டீஸ் வந்தால் எழுத்தில் பதில் கொடுங்கள். வண்டி ஓட்டித்தான் பிழைப்பு என்றால் அதையும் எழுதுங்கள்.

பலர் கவனிக்காதது இன்ஷூரன்ஸ். குடித்துவிட்டு மோதினால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. ஊதிப் பார்க்காவிட்டாலும், மற்ற ஆதாரங்களைக் கொண்டு கம்பெனி இதை நிரூபிக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்தாலும், அதை உங்களிடமே வசூலிக்கும்படி உத்தரவு வரலாம். உயிர் போனால் கதையே மாறிவிடும். 2006-இல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு தொழிலாளர்கள் கார் ஏறி இறந்தார்கள். ஓட்டியவரின் ரத்தத்தில் 112 மில்லிகிராம். அஜாக்கிரதை என்ற அளவில் அது நிற்கவில்லை, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக உறுதியாகி மூன்று வருடம் சிறை. நீங்கள் அன்றைக்குப் படுக்கப் போனது அதையும் தாண்டிய அளவோடு.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: சம்மனில் உள்ள தேதியில் நேரில் போங்கள், ரசீதையும் உத்தரவு நகலையும் பத்திரமாக வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருப்பதே தடையாகலாம், சீக்கிரம் முடித்துவிடுங்கள். தகுதி நீக்க உத்தரவு வந்தால் அந்தக் காலத்தில் பைக்கைத் தொடாதீர்கள். மீறி ஓட்டினால் பிரிவு 182-இன் கீழ் தனி வழக்கு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 அபராதம், அல்லது இரண்டும்.