பின்சக்கரமும் திரும்பும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: லண்டனில் ஹேரோ பக்கம் இருக்கிறேன். வார இறுதியில் ஓட்ட ஒரு பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசை. இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1998 ஹோண்டா பிரெலூட் 2.2 விடெக், நான்கு சக்கர ஸ்டீயரிங் உள்ளது. "டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்கிறார் விற்பவர். இன்னொன்று 1991 நிஸான் 300இசட்எக்ஸ் ட்வின் டர்போ. அதில் பின்சக்கர ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டதாக விற்பவரே சொல்கிறார். இந்த ஸ்டீயரிங் பெரிய செலவு வைக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. செலவு வைக்கும். ஆனால் இந்த இரண்டு வண்டிகளிலும் அது ஒரே மாதிரி செலவு அல்ல. பிரெலூட்டில் நீங்கள் காசு கொடுப்பதே அந்தப் பின்சக்கர ஸ்டீயரிங்குக்குத்தான். 300இசட்எக்ஸில் காசு கொடுப்பது என்ஜினுக்கு. அதனால் பின்சக்கரம் திரும்பாத பிரெலூட் பெரிய நஷ்டம். பின்சக்கரம் திரும்பாத 300இசட்எக்ஸ் அப்படியில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1987இல் ஹோண்டா மூன்றாம் தலைமுறை பிரெலூட்டில் இதைக் கொண்டுவந்தபோது அதில் கம்ப்யூட்டர் கிடையாது. முன்பக்க ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து ஒரு தண்டு வண்டியின் நீளத்துக்கும் ஓடி, பின்னால் உள்ள பல்சக்கரப் பெட்டியில் போய்ச் சேரும். ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால் பின்சக்கரங்கள் முன்சக்கரம் திரும்பும் பக்கமே ஒன்றரை டிகிரி வரை திரும்பும். இன்னும் திருப்பத் திருப்ப அவை நேராகும், பிறகு எதிர்ப்பக்கம் போகும். முழுக்க ஒடித்தால் எதிர்ப்பக்கம் சுமார் 5.3 டிகிரி. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது யாரும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிப்பதில்லை. பார்க்கிங்கில் கொஞ்சமாகத் திருப்பி வேலை ஆவதில்லை. ஆகவே வேகம் என்ன என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியவே வேண்டாம், நம் கையின் அசைவே சொல்லிவிடுகிறது. எனக்கு இன்றைக்கும் பிடித்த பொறியியல் வேலைகளில் இது ஒன்று.

1991இல் வந்த நான்காம் தலைமுறையில் இந்தத் தண்டை எடுத்துவிட்டு, பின்னால் ஒரு மின்மோட்டாரையும் சென்சார்களையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வைத்தார்கள். நீங்கள் பார்த்த 1998 வண்டி ஐந்தாம் தலைமுறை, அதுவும் இதே மின்னணு வழிதான். கோளாறு என்று தெரிந்தால் பின்சக்கரங்களை நேராக்கிவிட்டு டேஷ்போர்டில் விளக்கைப் போட்டுவிடும். வண்டி தொடர்ந்து ஓடும். ஓடுவதால்தான் பலர் பல வருடம் பழுது பார்க்காமலேயே ஓட்டிவிட்டு, விற்கும்போது மட்டும் அந்த விளக்கை எப்படி அணைப்பது என்று யோசிக்கிறார்கள்.

"எந்த விளக்கும் எரியவில்லை" என்ற பேச்சை நம்பாதீர்கள் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்காக ஒரு பிரெலூட்டைப் பார்க்கப் போனேன். நாங்கள் போய்ச் சேரும்போதே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "சூடேறட்டும் என்று போட்டு வைத்தேன்" என்றார் விற்றவர். ஓட்டிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது, நண்பர் பணத்தைக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டு வாசலில் சாவியைப் போட்டபோதுதான் கவனித்தேன். எண்ணெய் விளக்கு, பேட்டரி விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் வரிசையாக எரிந்தன. 4டபிள்யூஎஸ், அதாவது நான்கு சக்கர ஸ்டீயரிங்கின் விளக்கு இருக்க வேண்டிய இடம் மட்டும் இருட்டாக இருந்தது. டேஷ்போர்டைக் கழற்றினால் உள்ளே பல்பே இல்லை. புது பல்ப் போட்டதும் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. பின்னால் இருந்த மோட்டார் எப்போதோ செத்திருந்தது. அன்றைக்கு என்ஜினை ஒரு தடவை அணைத்துவிட்டுப் போடச் சொல்லியிருந்தால் போதும். நான் கேட்கவில்லை, அது என் தவறு.

அதனால் நீங்கள் வருவதற்கு முன் என்ஜினைப் போட வேண்டாம் என்று விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மீது கையை வைத்துப் பாருங்கள், ஆறியிருக்க வேண்டும். என்ஜினைப் போடாமல் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். 4டபிள்யூஎஸ் விளக்கு எரிய வேண்டும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரிந்து அணைந்தால் நல்லது. அணையாமல் நின்றால் விலை பேசலாம், ஏனென்றால் சில நேரம் பலவீனமான பேட்டரியோ துருப்பிடித்த கனெக்டரோகூடக் காரணமாக இருக்கும். எரியவே இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். கோளாறு உள்ள வண்டியை வாங்கலாம், கோளாறை மறைக்கிறவரிடம் வாங்கக் கூடாது.

அடுத்து ஒரு காலியான கார் பார்க்கிங் போதும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நடக்கிற வேகத்தில் ஒரு வட்டம் போடட்டும். நீங்கள் வெளியே நின்று பின்சக்கரத்தைப் பாருங்கள். முன்சக்கரம் வலது பக்கம் பார்த்தால் பின்சக்கரம் இடது பக்கம் பார்க்க வேண்டும். கண்ணுக்கே தெரியும், அளக்க எதுவும் வேண்டாம். பிறகு இடது பக்கமும் ஒரு வட்டம். ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி மறுபக்கம் தயங்கினால் சென்சாரிலோ மோட்டாரிலோ பிரச்சினை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வேலை செய்கிற பிரெலூட்டில் உட்கார்ந்து இந்த வட்டத்தைப் போடும்போது, இவ்வளவு நீளமான வண்டி இத்தனை சின்ன இடத்தில் சுற்றுகிறதா என்று ஆச்சரியமாக இருக்கும். அந்த ஆச்சரியம் வரவில்லை என்றாலே சந்தேகப்படுங்கள்.

டயரைத் தடவிப் பார்க்காமல் வராதீர்கள். பின் டயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை ஓட்டுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தால் பின்சக்கரம் நேராக ஓடவில்லை. உள்விளிம்பு மட்டும் மொட்டையாக இருந்தாலும் அதே கதைதான். நான்கு டயரும் புத்தம் புதிதாக இருந்தால் பழைய சாட்சியம் போய்விட்டது. அப்போது அலைன்மென்ட் செய்த தாளைக் கேளுங்கள். இந்த வண்டிகளுக்கு நான்கு சக்கரத்தையும் சேர்த்துத்தான் அலைன்மென்ட் செய்ய வேண்டும். அதற்கு முன் பின்பக்க ஸ்டீயரிங்கை நடுநிலையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இதற்கென்றே ஒரு பூட்டு ஊசியை ஹோண்டா தன் மெக்கானிக்குகளுக்குக் கொடுத்திருந்தது. சாதாரண டயர் கடைக்காரருக்கு இது தெரியாது. பின்சக்கரம் எங்கே நிற்கிறதோ அதையே நேர் என்று நினைத்து முன்பக்கத்தைச் சரிசெய்து அனுப்பிவிடுவார். வண்டி கோணலாகவே ஓடும், உரிமையாளர் மோட்டாரைக் குறை சொல்வார்.

வண்டியை ஜாக்கியில் தூக்க அனுமதித்தால் பின்சக்கரத்தின் இரண்டு பக்கவாட்டிலும் கையை வைத்து உலுக்குங்கள். லேசாக 'டொக்' என்று கேட்டால் டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) முனையோ அதன் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கும். சாதாரணக் காரில் முன்பக்கம் மட்டும் தேடும் ஆட்டத்தை இதில் பின்பக்கமும் தேட வேண்டும். ரப்பர் உறை கிழிந்து உள்ளே தண்ணீர் போயிருந்தால் அந்த ஜாயின்ட் அதிக நாள் தாங்காது. டிக்கியின் கம்பளத்தையும் தூக்கிப் பாருங்கள், ஈரமோ துருவோ இருந்தால் மின் கனெக்டர்களையும் சந்தேகப்பட வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு பிரெலூட்டில் துருப்பிடிக்கும் இடம். பிரிட்டனில் குளிர்காலச் சாலையில் உப்பு தூவுவதால் அங்கேதான் முதலில் அரிக்கும். பெயின்ட் அங்கே மட்டும் புதிதாக மின்னினால் காரணம் கேளுங்கள்.

போவதற்கு முன்பே வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வண்டி எண்ணைக் கொடுத்தால் அதன் எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாற்றை அரசின் இணையப் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எந்த வருடம் எத்தனை மைல், எதில் தோற்றது, எதை எச்சரித்தார்கள் என்று எல்லாம் இருக்கும். பின் டயர் உள்விளிம்பு தேய்மானம் என்று அடுத்தடுத்த வருடங்களில் எழுதியிருந்தால், யாரும் மூல காரணத்தைப் பார்க்காமல் டயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே எண்ணை வைத்து லண்டன் போக்குவரத்துத் துறையின் பக்கத்தில் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான கட்டண எல்லை) கட்டணமும் பாருங்கள். 2023 ஆகஸ்ட் முதல் ஹேரோ உட்பட லண்டன் முழுவதும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. இந்த வயது பெட்ரோல் வண்டிகளுக்குப் பெரும்பாலும் விலக்கு கிடைக்காது. ஓட்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. வாரம் ஒரு நாள் என்றால் வருடத்துக்கு 650 பவுண்டு, இதைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசாதீர்கள்.

இனி 300இசட்எக்ஸ். நிஸான் இந்த விஷயத்தை 1985இல் ஸ்கைலைனில் தொடங்கி, 1989இல் சூப்பர் ஹைகாஸ் என்று வளர்த்தது. ஹோண்டா பார்க்கிங்கையும் நினைத்தது, நிஸான் வேகத்தை மட்டும் நினைத்தது. பின்சக்கரம் திரும்புவது அதிகபட்சம் ஒரு டிகிரிதான். வளைவில் நுழையும்போது ஒரு கணம் எதிர்ப்பக்கம் போய் வண்டியின் மூக்கைத் திருப்பிவிட்டு, உடனே அதே பக்கம் வந்து வாலைப் பிடித்துக்கொள்ளும். பார்க்கிங்கில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. 1991 வண்டியில் இது ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. முன்னாலிருந்து பின்னால் வரை குழாய்கள் ஓடும், வயதானால் அவை அரித்துக் கசியும். பின்னால் உள்ள பால் ஜாயின்ட்கள் தேய்ந்தால், வேகத்தில் யாரோ வாலைப் பிடித்து லேசாகத் தள்ளுவது போல இருக்கும். அதனால்தான் பலர் கழற்றிவிடுகிறார்கள். கழற்றிய 300இசட்எக்ஸ் கெட்ட வண்டி இல்லை, அந்த ஒரு டிகிரி இல்லாமலும் அது அருமையாக ஓடும்.

ஆனால் எப்படிக் கழற்றினார்கள் என்று கேட்க வேண்டும். சரியான முறையில், பின்பக்க ராக்கை, அதாவது பின்சக்கரங்களைத் தள்ளித் திருப்பும் பாகத்தை, முழுதாக எடுத்துவிட்டு அசையாத ஓர் உலோகத் தண்டைப் புது ஜாயின்ட்களோடு பொருத்துவார்கள். மலிவான முறையில், பழைய ராக் நகராதபடி இடையில் வளையங்களைச் செருகிவிடுவார்கள். ராக் நகராது, ஆனால் தேய்ந்த ஜாயின்ட்கள் அப்படியே இருக்கும், வால் ஆடுவதும் நிற்காது. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். பம்ப்பை என்ன செய்தார்கள், குழாய்களை எங்கே அடைத்தார்கள், கழற்றிய பாகங்கள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பாகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறவர் பெரும்பாலும் வண்டியையும் அப்படித்தான் வைத்திருப்பார். இன்னொன்று, இது இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லியாக வேண்டிய மாற்றம். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்று பிரச்சினையாகும்.

இரண்டு வண்டிகளிலும் டைமிங் பெல்ட் உண்டு. அறுந்தால் வால்வுகள் வளைந்து என்ஜினே போய்விடும். மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து விலையைக் குறையுங்கள். 300இசட்எக்ஸின் என்ஜின் அறையில் இரண்டு டர்போவும் அவற்றின் குழாய்களும் போக, கை நுழைய இடம் இருக்காது. சின்ன வேலைக்கும் மெக்கானிக் நிறைய நேரம் எடுப்பார், அந்த நேரத்துக்குக் கூலி நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சரி, எதை வாங்கலாம்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் பிரெலூட்டை முதலில் போய்ப் பார்ப்பேன். விளக்கு எரிந்து அணைந்து, வட்டத்தில் பின்சக்கரம் இரு பக்கமும் திரும்பி, பின் தகட்டில் துரு இல்லையென்றால் அங்கேயே முன்பணம் கொடுத்துவிடுவேன். இதில் ஒன்று பொய்த்தாலும், விளக்கு அணையாததற்குப் பேட்டரியோ கனெக்டரோதான் காரணம் என்று உறுதியானால் ஒழிய, இன்னொரு பிரெலூட் வரும் வரை காத்திருப்பேன். ஏனென்றால் அந்தப் பின்பக்க மோட்டார் புதிதாகக் கிடைப்பது அரிது, உடைத்த வண்டிகளிலிருந்துதான் தேட வேண்டியிருக்கும். 300இசட்எக்ஸை, அதன் என்ஜினைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் கிடைத்தால் மட்டும் யோசிப்பேன்.

பிரெலூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் சில நாட்கள் சுவரை ஒட்டி நிறுத்த வேண்டாம். சுவர் இடப்பக்கம் இருக்கும்போது வலது பக்கம் முழுக்க ஒடித்துக் கிளம்பினால், பின்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்புவதால் வண்டியின் பின்மூலை சுவரை நோக்கி வரும். மற்ற கார்களில் பழகிய கண்ணுக்கு இது பிடிபடாது. ஒரு கார் நீளம் நேராக முன்னால் வந்துவிட்டு, அப்புறம் திருப்புங்கள்.