6 ஸ்கொயர் போதுமா? ஃபேக்டரி வயரிங் ஸ்டாண்டர்டுகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ஜூரோங்கில் டிசைன் வேலைக்குப் புதுசா சேர்ந்திருக்கேன். முதல்ல எதைப் படிக்கணும்?

பதில்: எஸ்.எஸ். 638 (சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்), தம்பி. சிங்கப்பூரில் வயரிங்குக்கு அதுதான் அடிப்படை. பழைய டிராயிங்கில் சி.பி. 5 என்று பழைய ஸ்டாண்டர்டின் பெயர் இருக்கும். அதன் இடத்தில் வந்தது இது. காசு கொடுத்தே வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரதி எந்தப் பதிப்பு என்று தெரியாமல் அதை நம்பி கேபிள் போடாதீர்கள்.

கேள்வி: மெஷின் பேனலுக்கும் அதுவேதானா சார்?

பதில்: மெஷினுக்குள் ஐ.இ.சி. (சர்வதேச மின் ஸ்டாண்டர்ட்) 60204-1. மெயின் சுவிட்ச்போர்டுக்கு ஐ.இ.சி. 61439. ஸ்பெக்கில் இன்னும் 60439 என்று போட்டிருந்தால் கன்சல்டன்டிடம் கேட்டுத் திருத்தி வாங்குங்கள், அது காலாவதியானது.

கேள்வி: 32 ஆம்ப் 3 பேஸ் பிரேக்கர். 6 ஸ்கொயர் (6 சதுர மி.மீ.) பிவிசி கேபிள் போதும் என்கிறார் சூப்பர்வைசர். சரியா அண்ணே?

பதில்: ஸ்டாண்டர்டில் உள்ள டேபிளில் 6 ஸ்கொயருக்கு 36 ஆம்ப் என்று இருக்கிறதே, அதைப் பார்த்துச் சொல்கிறார். அந்த 36, சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரியில், டிரங்கிங்கில் (வயர்கள் ஓடும் மூடிய பெட்டிக் குழாயில்) அந்த ஒரே சர்க்யூட் மட்டும் போகும்போது கிடைப்பது. துவாஸில் தகரக் கூரையை ஒட்டி ஓடும் டிரங்கிங்கில் கை வைத்துப் பாருங்கள். 40 டிகிரி என்று வைத்தால் 0.87 ஆல் பெருக்கணும். அதே டிரங்கிங்கில் 6 சர்க்யூட் சேர்ந்து லோடில் ஓடினால் இன்னும் 0.57. இரண்டையும் பெருக்கினால் 0.496. அப்போ 32-ஐ அதால் வகுத்தால் சுமார் 64.5 ஆம்ப் தாங்கும் கேபிள் வேண்டும். 10 ஸ்கொயர் 50 தான் தாங்கும்; 16 ஸ்கொயர் 68. ஆக 16 போடணும், இல்லையென்றால் டிரங்கிங்கைப் பிரிக்கணும். பிரேக்கர் டிரிப் ஆகாமலே இன்சுலேஷன் வெந்து போவது இப்படித்தான். ஸ்டாண்டர்டில் பின்னிணைப்பு டேபிள்களை விட, அவற்றின் கீழே உள்ள குறிப்புகளைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

கேள்வி: அமெரிக்க வயரிங் விதிமுறையான என்.இ.சி. படிக்கலாமா?

பதில்: தாராளமாக. அதை வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. அமைப்பின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் கேபிள் அளவு அங்கிருந்தும் பிரேக்கர் இங்கிருந்தும் எடுத்துக் கலக்காதீர்கள்.

கேள்வி: பழைய பில்டிங்கில் நீலம், கறுப்பு வயரைப் பார்த்தால் குழப்பமா இருக்கு அண்ணா.

பதில்: குழம்பத்தான் செய்யும்மா. 2009 மார்ச் 1-க்கு முன்பு நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல். இப்போது நீலம்தான் நியூட்ரல், கறுப்பு பேஸ். ஒரே டிபி-யில் (டிஸ்ட்ரிபியூஷன் போர்டில்) இரண்டு காலத்து வயரும் இருக்கும். நிறத்தை நம்பாமல் டெஸ்டரை வையுங்கள்; அதற்கு முன்னும் பின்னும் லைவ் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் அந்த டெஸ்டரையே சோதித்துக்கொள்ளுங்கள்.