ஒலிப்பதிவு அறை இல்லாத இடத்தில் இருமொழி ஒலியியல் ஆய்வுக்கு மேற்பார்வையாளராக இருக்கலாமா?

இருக்கலாம். தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி: முதுதத்துவமாணிக்கு (எம்.ஃபில்.) பதிந்த ஒரு பிள்ளை, தமிழும் சிங்களமும் பேசுகிறவர்களின் உச்சரிப்பை ஆராயப் போகிறேன் என்று வந்து நிற்கிறது. உங்களிடம் ஒலிப்பதிவு அறை இல்லை. நீங்களும் தமிழ் படித்து வந்தவர், ஒலியியலை ஒரு பாடமாகத் தொட்டதோடு சரி. பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனமில்லை, பொறுப்பெடுக்கவும் பயம். இலங்கையின் வடக்கே வன்னியில் கற்பிக்கிற பலருக்கும் இதுதான் நிலைமை. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேலே ஒருவர், "வசதியில்லாத இடத்தில் எதற்கு இந்த வேலை, கொழும்புக்கோ பேராதனைக்கோ அனுப்பிவிடுங்கள்" என்று பதில் எழுதியிருக்கிறார். அதை வாசித்த பிறகுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ஐயா, இரண்டு மொழியும் பேசுகிறவர்கள் இருப்பது வவுனியாச் சந்தையில். அறுவடை நேரத்தில் ஒரு நெல் வியாபாரியை, உங்கள் வாயைப் பதிய வேண்டும், கொழும்புக்கு வாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அறை பெரிய பிரச்சினையே இல்லை. என் மாணவி ஒருவர் தன் பதிவுகளில் நல்லதெல்லாம் எடுத்தது கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் களஞ்சியத்தில். மூன்று பக்கமும் கூரை முட்ட மூட்டை அடுக்கியிருந்தது. நடுவில் நின்று கை தட்டினால் எதிரொலி கிடையாது. சாக்கும் நெல்லும் சத்தத்தை அப்படியே குடித்துவிடும். சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உள்ள வகுப்பறையைவிட அது எவ்வளவோ மேல். மின்விசிறியை நிறுத்த வேண்டும், லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போனால் நிறுத்தி மறுபடி கேட்க வேண்டும், கூரையில் மயில் வந்து இறங்கினால் அது போகும்வரை சும்மா இருக்க வேண்டும். தலையில் மாட்டும் மைக் ஒன்று இருந்தால், ஆள் தலையைத் திருப்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது. கோப்பை வேவ் வடிவில் பதியச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் குரல் அனுப்பச் சொல்லிவிட்டு அதை அளக்கப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒலியைச் சுருக்கி அனுப்புவதால் நுணுக்கமான அளவுகளுக்கு அதை நம்ப முடியாது.

அளக்கும் மென்பொருளும் இலவசம். பிராட் என்று பெயர், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பூர்ஸ்மாவும் வீனிங்கும் செய்தது. ஒன்றை மட்டும் நீங்களே பாருங்கள்: உயிரொலிகளின் ஃபோர்மன்ட் (ஓர் உயிரொலியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒத்ததிர்வு அலைவரிசை) எடுக்கும்போது உச்ச வரம்பு 5500 ஹேர்ட்ஸ் என்றுதான் அது திறக்கும். அது பெண் குரலுக்குப் பொருந்தும். ஆண்களுக்கு 5000, சின்னப் பிள்ளைகளுக்கு 8000 வரை போக வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே வரம்பில் அளந்த அட்டவணையைக் கண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆய்வுக்கூடமே தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் பாய வேண்டாம். நாக்கு உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அதற்கான கருவி வேண்டும்தான். நான் சொல்வது நேர அளவையும் அலையுருவையும் வைத்துச் செய்யக்கூடிய வேலையைப் பற்றி.

சரி, நிஜமான சிக்கலுக்கு வருகிறேன். யார் இருமொழியாளர், அந்த மொழி அவருக்கு எப்போது வந்தது என்பதுதான் அது. வன்னியில் இதைச் சரியாகக் கேட்டு எழுதினாலே ஆய்வில் பாதி முடிந்த மாதிரி.

அந்த மாணவியின் தலைப்பு சிங்களத்தில் உள்ள ஒரு வகை மெய். மூக்கொலி (ம், ந் போன்றது) முழுதாக வராமல், அடுத்து வரும் வெடிப்பொலியின் (ப், த் போன்றது) தலையில் சின்னதாக ஒட்டிக்கொண்டு வரும். மாம்பழம், வயல், கிணறு, நிலவு ஆகியவற்றுக்கு அவர்கள் சொல்லும் சொற்களில் எல்லாம் அந்த அரை மூக்கொலிதான். மலைக்கு உள்ள சொல்லில் முழு மூக்கொலி. அதே சொல்லில் மூக்கொலியைக் குறுக்கிச் சொன்னால் மரத்தின் அடி என்று பொருள் மாறிவிடும். நமக்குக் 'கம்பு', 'பந்து' என்று முழு மூக்கொலி மட்டுமே. அரை, முழு என்ற பாகுபாடு தமிழில் இல்லாதபடியால் தமிழ்க் காது அதைத் தவறவிடும். சிறுவயதில் சிங்களம் பழகியவருக்கும் பெரியவரான பிறகு சந்தையில் பழகியவருக்கும் இந்த ஒலி ஒரே மாதிரி வருகிறதா என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வி. இங்கே இருந்துதான் கேட்க முடியும்.

சொற்பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதுதான் புத்தகத்தில் உள்ள வழி. சந்தையில் சரளமாகச் சிங்களம் பேசுகிற எத்தனையோ பேருக்கு அதில் ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாது. தமிழ்ப் பட்டியலைக் கொடுத்தாலோ மேடையில் பேசுவதுபோல வாசிப்பார்கள். பேச்சில் அவர்கள் வாய் என்ன செய்கிறது என்று அதிலிருந்து தெரியாது. அதனால் படம் காட்டினோம். மாம்பழம், வயல், கிணறு சிக்கலில்லை. மரத்தின் அடியைக் காட்டினால் எல்லோரும் 'கஹ' என்று மரத்தைச் சொன்னார்கள். அம்புக்குறி போட்டுக் காட்டினாலும் 'கஹ'தான். பாடப்புத்தகத்துக்கு அழகான அந்தச் சோடியை விட்டுவிட்டோம்.

அடுத்தது, யார் கேட்பது. தமிழ்ப் பிள்ளை போய் நின்று சிங்களத்தில் கேட்டால், எதிரில் இருப்பவர் மனதில் இரண்டு மொழியும் விழித்துக்கொண்டே இருக்கும். பேச்சும் அதற்கேற்பக் கலக்கும். சிங்களப் பதிவை வேறொரு நாளில், வவுனியா தெற்கைச் சேர்ந்த சிங்களத் தோழி ஒருவர் செய்தார். அவர் இல்லாவிட்டால் அந்த ஆய்வே இல்லை. உங்கள் மாணவிக்கும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று இப்போதே கேளுங்கள்.

அந்த நெல் களஞ்சியத்தின் சொந்தக்காரரும் பதிவுக்கு இருந்தார். நெல் வாங்கித் தெற்கு லொறிகளில் ஏற்றி விடுகிறவர். படிவத்தில் 'சிங்களம் கற்கத் தொடங்கிய வயது' என்ற இடத்தில் நாற்பது என்று எழுதியிருந்தது. "சிங்களமா? அது பாதை திறந்த பிறகு லொறிக்காரரோட பழகி வந்ததுதான் மகள்" என்று சொன்னாராம். ஆனால் அலையுருவைப் பார்த்தால் மாம்பழத்திலும் வயலிலும் மூக்கொலி குட்டையாக, மலையில் நீளமாக, சிங்களவர் சொல்வதுபோலவே பிரிந்து நிற்கிறது. அவரோடு ஒரே குழுவில் இருந்த மற்றவர்கள் எல்லாவற்றையும் தமிழ் மூக்கொலியால் நீட்டியிருந்தார்கள். மாணவி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இவர் ஒருவர்தான் குழப்புகிறார், எடுத்துவிடட்டுமா மிஸ்?" என்று கேட்டது.

எடுக்க வேண்டாம், போய் அவரோடு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா என்றேன். படிவத்தைக் கொண்டுபோக வேண்டாம் என்றும் சொன்னேன்.

போய்க் கதைத்தபோதுதான் விஷயம் வந்தது. அவர் பிறந்தது களுத்துறைப் பக்கம் ஒரு இறப்பர்த் தோட்டத்தில். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் சிங்களக் கிராமம். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பிள்ளைகளோடுதான் விளையாட்டு. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வன்னிக்கு வந்தது. அப்போது ஏழெட்டு வயது. அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல் சிங்களம் பேச ஆளும் இல்லை, பேச வேண்டிய தேவையும் இல்லை. மறந்தே போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். படிவம் 'கற்கத் தொடங்கிய வயது' என்று கேட்டது. விளையாடியதை யார் கற்றது என்று எழுதுவார்கள்? அவர் பொய் சொல்லவில்லை.

சின்ன வயதில் காதில் விழுந்து, பிறகு கைவிட்டுப்போன மொழியைப் பெரியவரானதும் மறுபடி தொட்டால், இலக்கணம் தடுமாறினாலும் உச்சரிப்பு கைகொடுக்கும் என்று ஸ்பானிய மொழியை வைத்துத் தெரி ஆ (Terry Au) என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 2002இல் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையைத் தேடி வாசித்த பிறகு பிள்ளையின் ஆய்வு வேறு திசையில் போனது. ஒரு ஆளை வைத்துச் சட்டம் போடுகிறீர்களா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: போடவில்லை. ஒரு ஆளால் கேள்வி மாறியது, அவ்வளவுதான். மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் ஏராளம். அவரைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்று தேடுவதில் என்ன பிழை?

இன்னொன்றையும் யோசியுங்கள். மொழிப் பின்னணிக் கேள்விக்கொத்தில் 'எந்த ஊரில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை' என்று ஒரு கட்டம் இருக்கும். விரும்பி வீடு மாறியவர்களை நினைத்துச் செய்த கட்டம் அது. இங்கே போரால் இடம்பெயர்ந்தவர்களிடம் அதைக் கேட்டால் 1995 வரும், வலிகாமத்தை விட்டு வந்தது வரும், 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியது வரும், 2009 வரும், செட்டிகுளம் முகாம் வரும். சிலர் ஓர் ஆண்டில் நின்றுவிடுவார்கள், அப்புறம் பேச்சு வராது. அந்த இடத்தில் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தத் தெரியாத பிள்ளையை வெளியில் அனுப்பாதீர்கள். நாங்கள் ஆண்டைக் கேட்பதையே விட்டோம். சின்ன வயதில் யாரோடு விளையாடினீர்கள், யாரிடம் கடன் வாங்கினீர்கள், யாரோடு சண்டை பிடித்தீர்கள், எந்த மொழியில் பிடித்தீர்கள் என்று கேட்டோம். ஊரும் காலமும் தானாக வந்தன, வராதவற்றை வற்புறுத்தவில்லை. ஒரு தாய் கேட்டார், "எத்தனை பேர் வந்து பதிஞ்சுகொண்டு போனவை பிள்ளை, என்ன நடந்தது?" என்று. பதிந்ததை அவருக்கே போட்டுக் காட்டி, வேண்டாமென்றால் உங்கள் கண்முன்னால் அழிக்கிறோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது வேறு, இது வேறு.

முன்மொழிவைப் பரிசீலித்த வெளியார் ஒருவர் (பெயரும் இடமும் வேண்டாம்), "தமிழ் மட்டுமே தெரிந்த ஒப்பீட்டுக் குழு எங்கே? யாழ்ப்பாணத்தில் போய் எடுத்து வாருங்கள், அதுதானே நியமத் தமிழ்" என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இருமொழியாளர் என்பவர் ஒரே உடம்பில் இருக்கும் இரண்டு ஒருமொழியாளர் அல்லர் என்று பிரான்சுவா குரோஜான் 1989இலேயே எழுதிவிட்டார். சரி, ஒப்பீடு வேண்டும் என்றால் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் வன்னியில் பிறந்து வளர்ந்தவரின் சிங்களத்தை அவருடைய வன்னித் தமிழோடு ஒப்பிடாமல் ஏன் யாழ்ப்பாணத் தமிழோடு ஒப்பிட வேண்டும்? யாழ்ப்பாணப் பேச்சைப் பற்றிக் கணபதிப்பிள்ளையும் சுசீந்திரராசாவும் நல்ல அடித்தளம் போட்டுத் தந்திருக்கிறார்கள், அதை மதிக்கிறேன். அதற்காக எங்கள் ஆட்களின் வாயை யாழ்ப்பாணத்துக் குறைப்பிரதியாகப் பார்க்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தார் கோபிக்க வேண்டாம், என் அம்மாவும் அங்கேதான்.

சொல்ல வந்ததற்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துதான் தர வேண்டும் என்று சொல்லும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. யுனிகோட் வந்து எத்தனை காலம்! ஒலியியல் குறியீடு ஒன்றைப் பாமினிப் பந்திக்குள் ஒட்டினால் அது 'ளு' ஆகவோ 'ஜ' ஆகவோ மாறி இளிக்கும். கடையில் தட்டச்சு செய்கிற தம்பி, "இது பிழை அக்கா" என்று தானாகத் திருத்தியும் விடுவான். ஒவ்வொரு பக்கமாக இருந்து பார்த்தோம். இணைய இதழ்களிலிருந்து மேற்கோளை எடுத்துப் போட்டால் அதுவும் பெட்டி பெட்டியாக வரும். கேட்டால் "வழமை" என்பார்கள். இதைப் பேச வேறொரு கேள்வி யாராவது கேளுங்கள், மனதில் நிறைய இருக்கிறது.

இணை மேற்பார்வையாளர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒலியியல் தெரிந்தவர் ஒருவரை வெளியூரில் பிடியுங்கள். மாதம் ஒருமுறை இணையத்தில் அலையுருவைப் பார்த்துச் சொன்னாலே போதும். தமிழ் வெடிப்பொலிகளை அளந்த பழைய வேலை உண்டு: லிஸ்கர், ஏபிரம்சன் என்ற ஒலியியலாளர்கள் 1964இல் எடுத்த 11 மொழிகளில் தமிழும் ஒன்று. அதை இருவரும் சேர்ந்து வாசித்து, அவர்கள் அளந்ததைப் பிள்ளையை உங்கள் குரலில் அளந்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கற்பதும் அப்படித்தான் நடக்கும். களத்துக்கு முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். முதல் ஆளின் பதிவை அன்றிரவே முழுதாகக் கேளுங்கள், மென்பொருளைத் திறக்காமல், காதால். அது சரியாக இருந்தால் மட்டும் இரண்டாவது ஆளிடம் அனுப்புங்கள்.