கேளுங்க அக்கா: செம்பருத்தித் தொட்டி பூராம் எறும்பு

கேள்வி: அக்கா வணக்கமுங்க, நாங்க கொழிஞ்சாம்பாறைங்க. மொட்டை மாடில இருபது தொட்டி வெச்சிருக்கேன், செம்பருத்தி, கருவேப்பிலை, மொளகா, ரெண்டு மல்லி. மழை ஆரம்பிச்சதுல இருந்து செம்பருத்தி பூராம் எறும்பு, தொட்டிய நகத்துனா அடில முட்டையோட கொத்தா கெடக்குது. மஞ்சத்தூள் போட்டேன், எறும்புப்பொடி போட்டேன், ரெண்டு நாள் இருக்காது, மூணாம் நாள் திரும்பி வந்துருதுங்க. மாமியார் செடியவே தூக்கி வீசுங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: வீசாதீங்க அம்மிணி, மாமியார்கிட்ட ஒரு மாசம் டைம் வாங்குங்க. எறும்பு உங்க செம்பருத்திய திங்க வரல. கொழுந்தையும் இலைக்கு அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்க, பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா இருக்கும், அதான் மாவுப்பூச்சி. அது செடிச்சாற உறிஞ்சிட்டு பின்னாடி இனிப்பா பிசுபிசுன்னு ஒரு தண்ணி விடும், அதுக்குத்தான் இந்தக் கூட்டம், காலைல சொசைட்டில பால் ஊத்த லைன்ல நிக்கற மாதிரி. சும்மா குடிச்சிட்டும் போகாது, மாவுப்பூச்சிய திங்க வர்ற பொறிவண்டு, குளவி எல்லாத்தையும் தொரத்தி விட்டுரும். 2008ல கோயமுத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு ஒண்ணத்தையும் விடலையே ஞாபகம் இருக்குதுங்களா, கடைசில 2010ல வெளிநாட்டுல இருந்து ஒரு குட்டிக் குளவியக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்குனாங்க. அந்தக் குளவி மாதிரி ஆளுகள வேலை செய்ய விடாதது இந்த எறும்புதான்.

அதனால மொதல்ல மாவுப்பூச்சி. ரொம்ப அப்பியிருக்கற கொழுந்த ஒடிச்சு கவர்ல போட்டுக் கட்டிருங்க, உரக்குழில போட்டா அங்கிருந்து மறுபடி ஏறும். மிச்சத்த ஹோஸ்ல வேகமா தண்ணி அடிச்சுக் கழுவுங்க, கணுவுல இருக்கறத பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சுருங்க. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், காதி சோப்பு கொஞ்சம் கரைச்சு சேத்து (சோப்பு இல்லாம எண்ணெய் தண்ணில கலக்காது, மேல மெதக்கும்), வெயில் தாழ்ந்ததுக்கு அப்புறம் இலை அடில படற மாதிரி அடிங்க. வாரம் ஒரு தடவை, மூணு வாரம். ஒரே தடவை அடிச்சிட்டு போகலைன்னு எனக்கு எழுதாதீங்க.

அடுத்தது தொட்டி அடி. நம்ம பொள்ளாச்சி, பாலக்காட்டு பக்கம் எல்லாரும் தேங்கா நார்க்கழிவத்தான் மண்ணோட கலக்கறோம், சும்மா கெடைக்குதுன்னு பாதிக்குப் பாதி போட்டுர்றோம். அது ஒரு தடவை நல்லா காஞ்சிருச்சுன்னா லேசுல தண்ணி குடிக்காது, ஊத்தற தண்ணி ஓரமா எறங்கி கீழ போயிரும், நடுவுல காஞ்ச மண்ணு அப்படியே பொலபொலன்னு இருக்கும், வெளிய மழைல புத்து நனைஞ்ச எறும்புக்கு அத விட நல்ல வீடு எங்க கெடைக்கும்? ஒரு பெரிய டப்புல தொட்டி வாய் வரைக்கும் தண்ணி நிப்பாட்டி அரை மணி நேரம் தொட்டிய அதுக்குள்ள வெச்சுருங்க. முட்டையத் தூக்கிட்டு கூட்டமா மேல ஏறும், அதனால வாசல்படி பக்கம் வெச்சு இந்த வேலை பண்ணாதீங்க, நான் பண்ணி கடிபட்டாச்சு. எடுத்து நல்லா வடிய விட்டு, அப்புறமும் செடி தெளியலைன்னா தொட்டியக் கவுத்து வேரப் பாருங்க, வேர்லயும் வெள்ளையா மாவு இருந்துச்சுன்னா மண்ணு பூராம் மாத்தணும்.

எறும்புப்பொடி வேண்டாங்க, அதுலயும் கருவேப்பிலை மொளகாத் தொட்டில சுத்தமா வேண்டாம், நாம திங்கறது. பொடி வெளிய சுத்தற எறும்பத்தான் கொல்லும், ராணி உள்ள உக்காந்து முட்டை போட்டுட்டேதான் இருக்கும். அதுக்கு போரிக் பவுடர் அரை ஸ்பூன், சக்கரை எட்டு ஸ்பூன், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு பஞ்சுல நனைச்சு ஒரு மூடில வைங்க. பவுடர் கூடப் போட்டா வேகமா சாகும்னு அள்ளிப் போடாதீங்க, பாதி வழில செத்துட்டா கூட்டுக்கு எப்படிக் கொண்டு போகும், மெதுவா சாகணும். கேரம்போர்டு பவுடர் சிலது போரிக்தான், டப்பால படிச்சுப் பாத்து வாங்குங்க. மூடிய எறும்பு போற வழில வைங்க, தொட்டி மண்ணுல ஊத்திராதீங்க, இலை ஓரம் கருகிரும். கொழந்தை, நாய் எட்டற எடத்துலயும் வேண்டாம்.

நீங்க எழுதாம விட்ட ஒண்ணு, ஆனா எனக்குத் தெரியும்: சக்கரை போட்ட டீத்தூள அப்படியே தொட்டில கொட்டறீங்கதானே? அலசிட்டுப் போடுங்க.

கேள்வி: ஒட்டு மாங்கண்ணு தொட்டில வெச்சிருக்கேன், செவப்பு எறும்பு இலைய ஒட்டிக் கூடு கட்டியிருக்குது. மருந்து அடிக்கலாமா? (கோபாலபுரம் வாசகர்)

பதில்: அடிக்காதீங்க தம்பி. அது முசுறு, மலையாளத்துல நீறுன்னு சொல்லுவாங்க. கடிச்சா தீயா எரியும், ஆனா மாமரத்துல இருக்கற புழு பூச்சியத் தின்னுட்டு காவலுக்கு நிக்கற ஆளு. தொட்டிச் செடில கை வைக்க முடியாதுதான், அதனால நல்லா இருட்டுனதுக்கு அப்புறம், முக்காவாசி கூட்டுக்குள்ள இருக்கும், கொப்போட வெட்டி சாக்குல போட்டு வேலியோரம் பெரிய மரம் எதுலயாவது மாட்டி விட்டுருங்க. முழுக்கை சட்டை போட்டுக்கங்க.